டச்சு மொழியில் இறந்தகால எச்சமும் திரும்ப வரும் சொல்லை விடுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்விரண்டையும் ஏன் ஒரே பக்கத்தில் பேச வேண்டும்?

டச்சு மொழியை ஓரளவு பேசக் கற்ற பிறகு எழுதத் தொடங்கும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடை வருகிறது. ‘வேலை செய்திருக்கிறேன்’, ‘வந்திருக்கிறேன்’ என்னும் பொருளுக்கு வேண்டிய வினைவடிவமான இறந்தகால எச்சத்தைச் சரியாக அமைப்பது முதல் தடை. இரண்டு வாக்கியங்களை ‘என்’ (மற்றும்) என்ற டச்சு இணைப்புச் சொல்லால் சேர்க்கும்போது எதைத் திரும்ப எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது இரண்டாவது தடை. இலக்கண நூல்கள் இவற்றைத் தனித்தனி அதிகாரங்களில் வைக்கின்றன. எழுதும் கைக்கு இவை தனித்தனியானவை அல்ல. ஒரு துணைவினையை இரண்டாம் முறை எழுதாமல் விடலாமா என்பதை அந்த எச்சம் எந்தத் துணைவினையை ஏற்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே வினையைக் கற்கும்போதே அதன் எச்சத்தையும் துணைவினையையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்றவருக்குச் சொல்லை விடும் விதிகளில் பாதி தானாகவே வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. நெதர்லாந்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேறியோர் ஒருங்கிணைப்புச் சட்டம் பி1 நிலையை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஓர் இடைநிலை) இலக்காக வைத்திருப்பதால், எழுத்துத் தேர்வுக்குப் படிப்போருக்கு இது உடனடித் தேவையும் ஆகும்.

இப்பக்கத்தில் டச்சுச் சொற்கள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன?

ஒலிப்பைப் பின்பற்றாமல், டச்சு எழுத்துக்கூட்டலைப் பின்பற்றித் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் நாம் ‘டீ’ (t) என்று அழைக்கும் எழுத்து இங்கே ‘த்’ என்றும், ‘டி’ (d) என்று அழைக்கும் எழுத்து இங்கே ‘ட்’ என்றும் வரும். இந்தத் தேர்வுக்குப் பழைய முன்மாதிரி உண்டு: ஒல்லாந்தர் ஆட்சிக்குப் பின் ஈழத்தமிழில் தங்கிவிட்ட ‘கந்தோர்’ என்ற சொல், டச்சு ‘கன்தோர்’ என்பதன் ‘டீ’ எழுத்தைத் தகரமாகவே கொண்டிருக்கிறது. ‘கெ’ என்று தொடங்கும் முன்னொட்டில் உள்ள ககரத்தை ‘அகம்’ என்ற சொல்லின் ககரம் போலத் தொண்டையில் உராயும்படி ஒலிக்க வேண்டும். ‘க்ஹ்’ என்பது ‘சி’, ‘ஹெச்’ என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதப்படும் வன்மையான உராய்வொலி. தமிழ் எழுத்து காட்டாத வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் சொற்களால் விளக்குகிறேன்.

இறந்தகால எச்சம் என்றால் என்ன? அது வாக்கியத்தில் எங்கே நிற்கும்?

‘நேற்று உத்ரெக்தில் வேலை செய்தேன்’ என்பதை டச்சுக்காரர் பேச்சில் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாகச் சொல்வர்: ‘இக் ஹெப் கிஸ்தெரென் இன் உத்ரெக்த் கெவெர்க்த்’. இதில் ‘ஹெப்’ என்பது துணைவினை. ‘கெவெர்க்த்’ என்பது எச்சம். துணைவினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சம் கடைசிக்குப் போகிறது. காலம், இடம், செயப்படுபொருள் ஆகிய அனைத்தும் இவற்றுக்கு நடுவே அடங்குகின்றன. தமிழில் ‘செய்திருக்கிறேன்’ என்று எச்சமும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு வாக்கிய இறுதியில் நிற்கின்றன. டச்சிலோ அவை பிரிந்து தலைக்கும் வாலுக்கும் போய்விடுகின்றன.

துணை வாக்கியத்தில் மட்டும் இரண்டும் இறுதியில் சேர்கின்றன. அப்போது (‘ஹேஃப்த்’ என்பது ‘ஹெப்’ துணைவினையின் படர்க்கை ஒருமை வடிவம்) ‘ஹேஃப்த் கெவெர்க்த்’ என்றும் ‘கெவெர்க்த் ஹேஃப்த்’ என்றும் இரு வரிசையிலும் எழுதலாம். முன்னதைச் சிவப்பு வரிசை என்றும் பின்னதைப் பச்சை வரிசை என்றும் டச்சு இலக்கண அறிஞர் அழைக்கின்றனர். இரண்டும் சரியே. தமிழருக்குப் பச்சை வரிசை இயல்பாக வரும். அதைத் திருத்த வேண்டியதில்லை.

ஒழுங்கான வினைகளில் இறுதியில் ‘த்’ வருமா, ‘ட்’ வருமா?

ஒழுங்கான வினையின் எச்சம் ‘கெ’ + வேர் + ‘த்’ அல்லது ‘ட்’ என்று அமையும். எந்த எழுத்து என்பதை முடிவு செய்யப் பள்ளிகளில் ‘த் கோஃப்ஸ்கிப்’ என்ற நினைவுச் சொல்லைக் கற்பிக்கிறார்கள். கோஃப்ஸ்கிப் என்பது பழைய பாய்க்கப்பல் வகை ஒன்றின் பெயர். அச்சொல்லின் உயிரெழுத்துகளை நீக்கினால் (அதன் ‘ஸ்கி’ டச்சு எழுத்தில் ‘ஸ்க்ஹி’) த், க், ஃப், ஸ், க்ஹ், ப் என்னும் மெய்கள் எஞ்சும். இவை அனைத்தும் குரல்வளை அதிராமல் பிறக்கும் வல்லொலிகள். வினையின் முழுவடிவத்திலிருந்து (அகராதியில் உள்ள வடிவம்) இறுதி ‘என்’ ஒலியைக் கழித்துவிட்டு, மிஞ்சும் வேரின் கடைசி ஒலி இவற்றுள் ஒன்றாக இருந்தால் ‘த்’ எழுத வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் ‘ட்’ எழுத வேண்டும்.

‘வெர்க்கென்’ (வேலை செய்தல்) என்பதன் வேர் ககரத்தில் முடிவதால் ‘கெவெர்க்த்’. ‘ஸ்தோப்பென்’ (நிறுத்துதல்) ‘கெஸ்தோப்த்’ ஆகும். ‘ஃபீத்ஸென்’ (மிதிவண்டி ஓட்டுதல்) ‘கெஃபீத்ஸ்த்’ ஆகும். மறுபுறம் ‘ஹோரென்’ (கேட்டல்) ‘கெஹோர்ட்’ என்றும், ‘வோனென்’ (குடியிருத்தல்) ‘கெவோன்ட்’ என்றும் வரும்.

இந்த விதியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு; அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘லேவென்’ (வாழ்தல்) என்பதன் வேர் வகர ஒலியில் முடிகிறது. ஆனால் டச்சு எழுத்துமுறையில் ஒரு சொல்லசையின் இறுதியில் அந்த வகரம் ‘ஃப்’ ஆக மாற்றி எழுதப்படும். எனவே எச்சம் ‘கெலேஃப்ட்’ என்று ஆகிறது. கண்ணால் பார்த்தால் ‘ஃப்’ தெரிகிறது. ‘ஃப்’ நினைவுச் சொல்லில் இருக்கிறது. ஆகவே ‘த்’ என்று எழுதத் தோன்றும். அது தவறு. பார்க்க வேண்டியது மாறிய எழுத்தை அன்று. முழுவடிவத்தில் ‘என்’ ஒலிக்கு முன் நிற்கும் ஒலியை. ‘ப்லஃபென்’ (நாய் குரைத்தல்) என்ற சொல்லின் முழுவடிவத்திலேயே ‘ஃப்’ இருப்பதால் அது ‘கெப்லஃப்த்’ ஆகிறது. இதே நிலைதான் ‘வெர்ஹௌஸென்’ (வீடு மாறுதல்), ‘ரெய்ஸென்’ (பயணம் செய்தல்) ஆகியவற்றிலும்: முழுவடிவத்தில் உள்ளது ‘இசட்’ எழுத்து, அது அதிர்வுடைய ஒலி, எனவே எச்சத்தில் ‘எஸ்’ எழுத்தாக மாறி எழுதப்பட்டாலும் ‘வெர்ஹௌஸ்ட்’, ‘கெரெய்ஸ்ட்’ என்று இறுதியில் ‘ட்’ தான் வரும். ‘இசட்’ ஒலிக்கும் ‘எஸ்’ ஒலிக்கும் தமிழில் தனித்தனி எழுத்து இல்லாததால், இச்சொற்களைக் காதால் மட்டும் கற்றவர்கள் எழுத்திலும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இறுதி ‘ட்’ ஒலிப்பில் ‘த்’ போலத்தானே கேட்கிறது? பிறகு வேறுபடுத்துவது எதற்கு?

ஆம், டச்சு மொழியில் சொல்லிறுதியில் வரும் ‘ட்’ அதிர்வை இழந்து ‘த்’ என்றே ஒலிக்கும். அதனால்தான் காதை நம்பி எழுத முடியாது. டச்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தவறும் இடம் இது. வேறுபாடு பயனற்றதும் அன்று. எச்சத்தைப் பெயருக்கு முன் அடையாக வைக்கும்போது மறைந்திருந்த ஒலி வெளிப்படுகிறது: ‘பெதால்ட்’ (செலுத்தப்பட்ட) என்பது ‘டெ பெதால்டெ ரேக்கெனிங்’ (செலுத்தப்பட்ட கட்டணச்சீட்டு) என்று நீளும்போது டகரம் தெளிவாகக் கேட்கிறது. ஐயம் வரும்போது இவ்வாறு நீட்டிச் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை.

‘பெ’, ‘வெர்’ போன்ற முன்னொட்டுடைய வினைகளில் இந்தக் குழப்பம் முற்றுகிறது. ‘ஹெய் பெதால்த்’ என்றால் ‘அவன் பணம் செலுத்துகிறான்’. இது நிகழ்கால வினைமுற்று. படர்க்கை ஒருமைக்குரிய ‘த்’ இதில் உள்ளது. ‘ஹெய் ஹேஃப்த் பெதால்ட்’ என்றால் ‘அவன் பணம் செலுத்தியிருக்கிறான்’, இது எச்சம். ஒலிப்பு ஒன்றே, எழுத்து வேறு. வாக்கியத்தில் ‘ஹெப்’, ‘ஹேஃப்த்’, ‘பென்’, ‘இஸ்’ போன்ற துணைவினை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது எச்சம். கோஃப்ஸ்கிப் விதியைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் இது முற்று. ‘த்’ எழுத வேண்டும்.

வேரே ‘த்’ அல்லது ‘ட்’ எழுத்தில் முடிந்தால்?

இரட்டிக்கக் கூடாது. ‘ப்ராத்தென்’ (பேசுதல்) ‘கெப்ராத்’ ஆகும். ‘அன்த்வோர்டென்’ (பதிலளித்தல்) ‘கெஅன்த்வோர்ட்’ ஆகும். அயற்சொற்களைத் தவிர, டச்சுச் சொற்கள் ஒரே மெய் இரட்டித்து முடிவதில்லை.

ஒழுங்கற்ற வினைகளுக்கு விதியே இல்லையா?

விதி இல்லை என்று சொல்வது சரியன்று. விதிகள் பல என்பதே சரி. வலிய வினைகள் எனப்படுபவை பெரும்பாலும் உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு ‘என்’ ஒலியில் முடியும். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஓசைக் குடும்பங்களாகத் தொகுத்து வாய்விட்டுச் சொல்வது விரைவாகப் பதியும். ‘ஸ்க்ரெய்வென்–கெஸ்க்ரேவென்’ (எழுதுதல்), ‘ப்லெய்வென்–கெப்லேவென்’ (தங்குதல்), ‘கெய்க்கென்–கெகேக்கென்’ (பார்த்தல்) ஆகியவை ஒரு குடும்பம். ‘ட்ரிங்க்கென்–கெட்ரோங்க்கென்’ (குடித்தல்), ‘வின்டென்–கெவோன்டென்’ (கண்டெடுத்தல்), ‘ஸிங்கென்–கெஸோங்கென்’ (பாடுதல்) ஆகியவை மற்றொன்று. ‘நேமென்–கெனோமென்’ (எடுத்தல்), ‘ஸ்ப்ரேக்கென்–கெஸ்ப்ரோக்கென்’ (பேசுதல்) ஆகியவை இன்னொன்று. ‘கேவென்–கெகேவென்’ (கொடுத்தல்), ‘லேஸென்–கெலேஸென்’ (படித்தல்) ஆகியவற்றில் எச்சத்தில் உயிர் மாறுவதே இல்லை. ‘ஏத்தென்’ (உண்ணுதல்) என்பது ‘கெகேத்தென்’ என்று ஒரு ககரம் கூடுதலாகப் பெறுவதை மட்டும் தனியே நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு வெளியே நிற்பவை சில. ஆனால் தினமும் பயன்படுபவை. ‘ப்ரெங்கென்’ (கொண்டுவருதல்) ‘கெப்ரக்ஹ்த்’, ‘டெங்க்கென்’ (நினைத்தல்) ‘கெடக்ஹ்த்’, ‘கோப்பென்’ (வாங்குதல்) ‘கெகோக்ஹ்த்’, ‘ஸூக்கென்’ (தேடுதல்) ‘கெஸோக்ஹ்த்’ என்று வரும். ‘ஹெபென்’ (உடைத்தாதல்) ‘கெஹட்’ ஆகும். ‘ஸெய்ன்’ (இருத்தல்) ‘கெவேஸ்த்’ ஆகும். பாதி ஒழுங்காகவும் பாதி வலியதாகவும் நடக்கும் வினைகளும் உள்ளன: ‘பக்கென்’ (பொரித்தல், சுடுதல்) இறந்தகால முற்றில் ‘பக்தெ’ என்று ஒழுங்காக வருகிறது, எச்சத்திலோ ‘கெபக்கென்’ என்று வலிய வடிவம் கொள்கிறது. ஆகவே முற்றைக் கொண்டு எச்சத்தை ஊகிக்க வேண்டாம்.

அடையாக வரும்போதும் இவ்வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ‘என்’ ஒலியில் முடியும் எச்சம் பெயருக்கு முன் ‘எ’ விகுதியை ஏற்காது: ‘கெபக்கென் விஸ்’ (பொரித்த மீன்) என்றே எழுத வேண்டும்.

எந்த வினைகள் ‘கெ’ முன்னொட்டை ஏற்காது?

அழுத்தம் பெறாத முன்னொட்டை ஏற்கெனவே கொண்டிருக்கும் வினைகள் ஏற்காது. ‘பெ’, ‘கெ’, ‘ஹெர்’, ‘எர்’, ‘ஓன்த்’, ‘வெர்’ ஆகியவை அத்தகைய முன்னொட்டுகள். ‘வெர்தெலென்’ (சொல்லுதல்) ‘வெர்தெல்ட்’ ஆகும். ‘கெப்ரௌக்கென்’ (பயன்படுத்துதல்) ‘கெப்ரௌக்த்’ ஆகும். ‘ஓன்த்மூத்தென்’ (சந்தித்தல்) ‘ஓன்த்மூத்’ ஆகும். ‘வெர்கேத்தென்’ (மறத்தல்) முழுவடிவத்திலும் எச்சத்திலும் ஒன்றே.

பிரியும் வினைகளில் ‘கெ’ நடுவே புகும். ‘ஓப்பெலென்’ (தொலைபேசியில் அழைத்தல்) ‘ஓப்கெபெல்ட்’, ‘ஆன்கோமென்’ (வந்துசேர்தல்) ‘ஆன்கெகோமென்’, ‘மேநேமென்’ (உடன் எடுத்துச் செல்லுதல்) ‘மேகெனோமென்’ என்று எழுதப்படும். மூன்று துண்டுகளும் இடைவெளி இன்றி ஒரே சொல்லாக நிற்கும். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதே பிரியும் வினையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ‘வோர்கோமென்’ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் ‘நிகழ்தல், காணப்படுதல்’ என்று பொருள்; எச்சம் ‘வோர்கெகோமென்’. இரண்டாம் அசையை அழுத்தினால் ‘தடுத்தல்’ என்று பொருள்; எச்சம் ‘வோர்கோமென்’ தான். பிரியும் முன்னொட்டுக்குப் பின் அழுத்தமற்ற முன்னொட்டும் வந்தால் ‘கெ’ நுழைய இடமில்லை: ‘வோர்பெரெய்டென்’ (தயார் செய்தல்) என்பதன் எச்சம் ‘வோர்பெரெய்ட்’.

ஜெர்மன் அறிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘ஸ்துடேரென்’ (பயிலுதல்) போன்ற அயற்சொல் வினைகள் ஜெர்மனில் ‘கெ’ ஏற்பதில்லை, டச்சில் ஏற்கும். ‘கெஸ்துடேர்ட்’ என்றே எழுத வேண்டும். ஆங்கிலத்திலிருந்து வந்த வினைகளும் கோஃப்ஸ்கிப் விதிக்கு அடங்கும். ‘மெயில்’ அனுப்பியதை ‘கெமெயில்ட்’ என்கிறார்கள்.

‘ஹெபென்’ வருமா, ‘ஸெய்ன்’ வருமா?

தமிழில் ‘சாப்பிட்டிருக்கிறேன்’, ‘வந்திருக்கிறேன்’ என்று எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றே துணையாக வருவதால், இக்கேள்வியே நமக்குப் புதிது. டச்சில் பெரும்பாலான வினைகள் ‘ஹெபென்’ துணையை (ஹெப், ஹேஃப்த் ஆகியவை இதன் வடிவங்கள்) ஏற்கின்றன. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதையோ ஓர் இடத்தைச் சென்றடைவதையோ குறிக்கும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் ‘ஸெய்ன்’ துணையை (பென், இஸ் ஆகியவை இதன் வடிவங்கள்) ஏற்கின்றன: வருதல், போதல், இறத்தல், தொடங்குதல், வீடு மாறுதல் ஆகியவை இவ்வகை. ‘ப்லெய்வென்’ (தங்குதல்), ‘ஸெய்ன்’ (இருத்தல்) ஆகிய இரண்டும் மாற்றம் எதையும் குறிக்காவிட்டாலும் ‘ஸெய்ன்’ துணையையே கொள்கின்றன. காரணம் தேடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல் போன்ற இயக்க வினைகள் இரண்டையும் ஏற்கும். ‘இக் ஹெப் த்வே ஊர் கெஃபீத்ஸ்த்’ என்றால் இரண்டு மணி நேரம் மிதிவண்டி ஓட்டினேன் என்று செயலை மட்டும் சொல்கிறோம். ‘இக் பென் நார் லெய்டென் கெஃபீத்ஸ்த்’ என்றால் லெய்டென் நகரைச் சென்றடைந்ததைச் சொல்கிறோம். சேருமிடம் வந்துவிட்டால் துணைவினையும் மாறிவிடுகிறது.

திரும்ப வரும் சொல்லை எப்போது விடலாம்?

இதை டச்சு இலக்கணம் ‘ஸாமென்த்ரெக்கிங்’ என்று அழைக்கிறது. இரண்டு வாக்கியங்கள் இணையும்போது பொதுவாக உள்ள சொல்லை ஒருமுறை மட்டும் எழுதலாம். அதற்கு அச்சொல் இரண்டு இடங்களிலும் ஒரே வடிவம், ஒரே பொருள், ஒரே இலக்கணப் பணி உடையதாக இருக்க வேண்டும். வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் ஒத்திருக்க வேண்டும்.

பொருள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஸெத்தென்’ (வைத்தல்) நல்ல சான்று. ‘கோஃபி ஸெத்தென்’ என்றால் காபி போடுதல். ‘ப்ரில் ஓப்ஸெத்தென்’ என்றால் மூக்குக்கண்ணாடி அணிதல். ‘அவன் காபியும் மூக்குக்கண்ணாடியும் போட்டான்’ என்று தமிழில் எழுதினால் எவ்வளவு உறுத்துமோ, டச்சிலும் ஒரே ‘ஸெத்தெ’ வடிவத்தை வைத்து இரண்டையும் சொன்னால் அவ்வளவு உறுத்தும்.

பணி மாறும் இடம் இதைவிட நுட்பமானது. தமிழருக்கு அதைக் கண்டுபிடிக்க ஓர் இயற்கையான வசதியும் உண்டு. ‘இக் ஹெப் ஹெம் கெஸீன் என் கெல்ட் கெகேவென்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அவனைப் பார்த்தேன், பணம் கொடுத்தேன் என்பது கருத்து. ‘ஹெம்’ ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பகுதியில் அது ‘அவனை’. இரண்டாம் பகுதியில் அது ‘அவனுக்கு’. டச்சில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றாக இருப்பதால் டச்சுக்காரர் கண்ணில் இப்பிழை எளிதில் படுவதில்லை. நாம் மனத்துக்குள் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்த்தால் போதும். உருபு மாறினால் சொல்லைத் திரும்ப எழுத வேண்டும்: ‘என் ஹெம் கெல்ட் கெகேவென்’.

வினையை முதல் வாக்கியத்தில் விடுவதா, இரண்டாம் வாக்கியத்தில் விடுவதா?

தமிழில் ‘கண்ணன் காபியும் மாலா தேநீரும் குடித்தார்கள்’ என்கிறோம். வினை இறுதியில் வருவதால் முதலில் வர வேண்டியது மறைந்து, கடைசியில் உள்ளது நிற்கிறது. டச்சு முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் வருவதால் நிலைமை தலைகீழாகிறது: ‘யான் ட்ரிங்க்த் கோஃபி என் பீத் தே’ (யான் காபி குடிக்கிறான், பீத் தேநீர்; யான், பீத் இரண்டும் டச்சு ஆண் பெயர்கள்). முதல் வினை நிற்கிறது, இரண்டாவது மறைகிறது.

துணை வாக்கியத்தில் டச்சு வினையும் இறுதிக்குப் போய்விடுகிறது என்று முன்பே பார்த்தோம். அங்கே தமிழைப் போலவே முன்னதை விடலாம்: ‘ஓம்டட் யான் கோஃபி என் பீத் தே ட்ரிங்க்த்’ (யான் காபியும் பீத் தேநீரும் குடிப்பதால்). பின்னதை விட்டு ‘ஓம்டட் யான் கோஃபி ட்ரிங்க்த் என் பீத் தே’ என்றும் எழுதலாம். இரண்டும் செல்லும்.

எச்சம் சேர்ந்துவிட்டால் இவ்விரு போக்குகளும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. ‘யான் ஹேஃப்த் ப்ரோட் கெகோக்ஹ்த் என் பீத் மெல்க்’ (யான் ரொட்டி வாங்கியிருக்கிறான், பீத் பால்) என்பது எளிய வடிவம். அதையே ‘யான் ஹேஃப்த் ப்ரோட் என் பீத் மெல்க் கெகோக்ஹ்த்’ என்றும் எழுதலாம். இதில் துணைவினை ‘ஹேஃப்த்’ முதல் பகுதியில் நின்று இரண்டாம் பகுதியில் மறைந்திருக்கிறது. எச்சம் ‘கெகோக்ஹ்த்’ முதல் பகுதியில் மறைந்து இரண்டாம் பகுதியில் நிற்கிறது. வினையின் இரண்டு துண்டுகளும் தத்தம் இடத்துக்கு ஏற்ப எதிரெதிர்த் திசைகளில் விடப்படுகின்றன. டச்சு வாக்கிய அமைப்பின் இயல்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் தெரிவதாகவே எனக்குப் படுகிறது. இதைப் புரிந்துகொண்டு சொந்தமாகச் சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தவருக்குப் பிறகு விதி நூல் தேவைப்படாது.

இரண்டு எச்சங்கள் அடுத்தடுத்து வந்தால் துணைவினை ஒன்று போதுமா?

இரண்டும் ஒரே துணைவினையை ஏற்றால் போதும். ‘இக் ஹெப் கெகோக்த் என் அஃப்கெவஸென்’ (சமைத்துப் பாத்திரம் கழுவினேன்) என்பது சரி; சமைத்தலும் கழுவுதலும் ‘ஹெபென்’ துணைக்கு உரியவை.

துணைவினை மாறினால் போதாது. ‘சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனேன்’ என்பதை ‘இக் ஹெப் கெகேத்தென் என் நார் பெட் கெகான்’ என்று எழுதினால் பிழை. உண்ணுதல் ‘ஹெப்’ துணையைக் கேட்கிறது. போதல் ‘பென்’ துணையைக் கேட்கிறது. ‘இக் ஹெப் கெகேத்தென் என் பென் நார் பெட் கெகான்’ என்று எழுத வேண்டும். எழுவாய் ‘இக்’ மட்டும் இரண்டாம் முறை மறையலாம். தமிழில் ‘சாப்பிட்டுவிட்டு’ என்ற வினையெச்சம் காலத்தையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தையும் கடைசி வினையிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறது. அந்தப் பழக்கம்தான் இரண்டாம் துணைவினையை நம் கையிலிருந்து நழுவச் செய்கிறது.

வடிவம் ஒன்றாக இருந்தும் பணி வேறாகும் ‘இஸ்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘ஹெய் இஸ் ஸீக் என் நார் ஹௌஸ் கெகான்’ (அவன் நோயுற்றிருக்கிறான், வீட்டுக்குப் போயிருக்கிறான்) என்பதில் முதல் ‘இஸ்’ பயனிலையை இணைக்கிறது. மறைந்த இரண்டாவது துணைவினை. பேச்சில் இது கேட்கத்தான் செய்யும். எழுத்தில் ‘என் இஸ் நார் ஹௌஸ் கெகான்’ என்பதே சிறந்தது. ஒருமை பன்மை மாறும்போதும், அதாவது முதல் பகுதிக்கு ‘இஸ்’, இரண்டாம் பகுதிக்குப் பன்மையான ‘ஸெய்ன்’ தேவைப்படும்போதும், கவனமாக எழுதுவோர் துணைவினையைத் திரும்ப எழுதிவிடுவர். தேர்வில் அதையே செய்யுங்கள்.

எழுவாயை விடுவதில் என்ன சிக்கல்?

தமிழில் வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதால் ‘வந்தேன்’ என்றால் போதும். டச்சில் எழுவாய் தனியே நிற்க வேண்டும். இணைந்த வாக்கியத்தில், அதுவும் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால்தான், இரண்டாவதை விடலாம். ‘இன் உத்ரெக்த் வோன்த் மெய்ன் ஸுஸ் என் வெர்க்த் இன் அம்ஸ்தெர்டாம்’ (உத்ரெக்தில் என் தங்கை வசிக்கிறாள், அம்ஸ்தெர்டாமில் வேலை செய்கிறாள்) என்பது பிழை. முதல் பகுதியில் எழுவாய் வினைக்குப் பின்னே நிற்கிறது. இரண்டாம் பகுதியில் அது வினைக்கு முன்னே நிற்க வேண்டும். ‘என் ஸே வெர்க்த் இன் அம்ஸ்தெர்டாம்’ என்று ‘அவள்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் சரியாகும்.

இதற்கு நேர்மாறான பிழை ‘தான்தெ பெத்யெ’ (பெத்யெ அத்தை) நடை எனப் பெயர் பெற்றது. ஷாரிவாரியுஸ் என்ற புனைபெயரில் எழுதிய டச்சு எழுத்தாளர் ஹெரார்ட் நோல்ஸ்த் த்ரெனிதே வைத்த பெயர் இது. இணைப்புச் சொல்லுக்குப் பின் காரணமின்றி வினையை எழுவாய்க்கு முன் கொண்டுவருவதே இப்பிழை: ‘டெ த்ரெய்ன் ஹட் வெர்த்ராகிங் என் க்வம் இக் தெ லாத்’ (ரயில் தாமதமானது, நான் பிந்தி வந்தேன்). ‘என் இக் க்வம் தெ லாத்’ என்பதே சரி.

சொல்லின் ஒரு பகுதியை மட்டும் விட முடியுமா?

முடியும். அப்போது விட்ட இடத்தில் சிறுகோடு இட வேண்டும். கடைக் கதவுகளிலும் பேருந்து அட்டவணைகளிலும் காணும் ‘ஸோன்- என் ஃபேஸ்த்டாகென்’ (ஞாயிறு, பண்டிகை நாட்கள்) இவ்வகை. பிரியும் வினைகளின் எச்சத்துக்கும் இது பொருந்தும்: ‘ஓப்பென்- என் டிக்ஹ்த்கெடான்’ (திறந்து மூடிய), ‘இன்- என் ஔத்கெலாடென்’ (ஏற்றி இறக்கிய). முழுச்சொல்லை விட்டால் கோடு கூடாது. ‘ரோடெ என் வித்தெ வெய்ன்’ (சிவப்பு, வெள்ளை மது) என்பதில் விடப்பட்டது தனிச்சொல்.

‘ஹெப் யெ கெகேத்தென்?’ என்று கேட்டால் எச்சத்தை மட்டும் பதிலாகச் சொல்லலாமா?

‘சாப்பிட்டாயா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்பது நம் வழக்கம். டச்சில் ‘கெகேத்தென்’ என்று மட்டும் பதிலளித்தால் அது பாதியில் நின்றுபோன பேச்சாகக் கேட்கும். ‘யா’ (ஆம்) என்ற ஒரு சொல் போதும். அல்லது ‘யா, இக் ஹெப் அல் கெகேத்தென்’ என்று முழுவதும் சொல்லலாம்.

‘இக் ஹெப் மூத்தென் வெர்க்கென்’ என்பதில் ஏன் எச்சமே இல்லை?

‘வேலை செய்ய வேண்டியிருந்தது’ என்னும் இவ்வாக்கியத்தில் ‘கெமூத்தென்’ என்ற எச்சம் வர வேண்டும் என்று விதி அறிந்தவர் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் துணைவினைக்குப் பின் வரும் வினை மற்றொரு முழுவடிவ வினையைத் தாங்கி நின்றால், பல வினைகளில் எச்சம் வராது. முழுவடிவமே அதன் இடத்தில் வரும். ‘மூத்தென்’ (வேண்டும்), ‘குனென்’ (இயலும்), ‘விலென்’ (விரும்புதல்), ‘ஸீன்’ (பார்த்தல்), ‘ஹோரென்’ (கேட்டல்) ஆகியவை இவ்வாறு நடக்கும். ‘அவன் பாடுவதைக் கேட்டேன்’ என்பது ‘இக் ஹெப் ஹெம் ஹோரென் ஸிங்கென்’ ஆகும். ‘கெஹோர்ட்’ அங்கே வராது.

தாங்கப்பட்ட வினையை விட்டுவிட்டால் எச்சம் உடனே திரும்பி வருகிறது. ‘இக் ஹெப் விலென் ஹெல்ப்பென்’ என்றால் ‘உதவ விரும்பினேன்’. ‘ஹெல்ப்பென்’ என்பதை நீக்கி அதன் இடத்தில் ‘ஹெத்’ (அதை) என்று வைத்தால் ‘இக் ஹெப் ஹெத் கெவில்ட்’ (அதை விரும்பினேன்) என்று எழுத வேண்டும். வேர் லகரத்தில் முடிவதால் இறுதியில் ‘ட்’.